மிதித்துவிட்டு வந்து செபித்தவர்கள்: ஜப்பானின் மறைந்த கிறிஸ்தவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தவக்காலத்தில் எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடும் சிறு குழு) ஜப்பானின் மறைந்த கிறிஸ்தவர்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேச ஆரம்பித்தேன், முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்புறம் எங்கே பார்த்தாலும் இதே கேள்விகள்தான், பூசை முடிந்து வாசலில் நிற்கும்போதுகூட. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது.

யார் இந்த மறைந்த கிறிஸ்தவர்கள்?

ஜப்பானில் 1614-ல் கிறிஸ்தவ மதம் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. 1873-ல்தான் தடை விலகியது. அந்த 259 வருடங்களில் பெரும்பகுதி குருக்கள் கிடையாது, கோயில் கிடையாது, பூசை கிடையாது. நாட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் குரு 1644-ல் கொல்லப்பட்டார். அப்படியும் நாகசாகியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களிலும் மலைச்சரிவுக் கிராமங்களிலும் தீவுகளிலும், வெளியே புத்த மதத்தினராக இருந்துகொண்டு, உள்ளே பரம்பரை பரம்பரையாகத் திருமுழுக்கு கொடுத்துச் செபம் சொல்லி வந்தவர்களைத்தான் மறைந்த கிறிஸ்தவர்கள் என்கிறோம்.

ஜப்பானுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

ஒரே ஆள் வழியாகச் சம்பந்தம், புனித சவேரியார். 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்குவதற்கு முன்பு, 1542 முதல் அவர் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்தவர். இங்கே அவர் கண்ட பெரிய சிக்கல், ஊர்கள் நிறைய, குருக்கள் ஒரு கை விரலுக்குள். அதற்கு அவர் செய்த ஏற்பாடு ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளை. உள்ளூர் ஆள்தான். பிள்ளைகளைக் கூட்டி மந்திரங்கள் சொல்லிக்கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை சனங்களைக் கூட்டுவது, குழந்தை சாகக் கிடந்தால் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்கு கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நம்மூர் உபதேசியார், கோயில்பிள்ளை என்பதெல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

ஜப்பானிலும் சவேரியாரின் துறவற சபையான சேசு சபையார் இதே மாதிரி உள்ளூர் ஆட்களை நம்பித்தான் வேலை செய்தார்கள். அதோடு பொதுமக்களே நடத்தும் சபைகளையும் ஊர்களில் அமைத்திருந்தார்கள், நோயாளிகளைப் பார்க்க, ஏழைகளுக்கு உதவ, இறந்தவரை அடக்கம் செய்ய. நல்ல காலத்தில் அது ஏதோ பக்தசபை மாதிரித் தெரிந்திருக்கும். தடை வந்தபோது அதுவே உயிர்நாடி ஆனது.

இன்னொரு சின்ன சம்பந்தம்: 1597-ல் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்ட 26 பேரில் ஒருவர் நம் நாட்டுக்காரர், மும்பைக்கு வடக்கே வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா.

நிஜமாகவே அவ்வளவு கொடுமையா, கதையில் ஊதிப் பெருக்கியதா?

ஊதவில்லை. சிலுவை, வெந்நீர் ஊற்று, குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடுவது என்று பட்டியல் நீளும், அதை விவரிக்க எனக்கு மனமில்லை. 1637-38-ல் ஷிமாபாரா, அமாகுசா பகுதிகளில் வரிக்கொடுமையும் மதக்கொடுமையும் சேர்ந்து கலகம் வெடித்தது. ஹாரா கோட்டைக்குள் இருந்தவர்கள், பெண்கள் பிள்ளைகள் உட்பட, ஏறக்குறைய மொத்தமாக அழிக்கப்பட்டார்கள்.

ஆனால் வாளைவிடக் காகிதம்தான் அதிகம் நெருக்கியது என்பது என் எண்ணம். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு புத்த கோயிலில் பெயர் பதிந்திருக்க வேண்டும். ஐந்து வீடு ஐந்து வீடாகச் சேர்த்து, ஒரு வீட்டில் தப்பு நடந்தால் ஐந்துக்கும் தண்டனை. காட்டிக் கொடுத்தால் வெள்ளிக் காசு என்று ஊர் நடுவில் பலகை. நாகசாகிப் பக்கம் வருடா வருடம் இயேசு அல்லது மாதா உருவம் பதித்த தகட்டை ஊரார் வரிசையாக வந்து மிதிக்க வேண்டும். அந்தச் சடங்குக்கும் தகட்டுக்கும் பெயர் ஃபுமியே.

அரசாங்கம் செய்ததைக் கவனியுங்கள். அக்கம்பக்கத்து உறவையே உளவு வேலைக்குத் திருப்பியது. ஒரு ஊரே கிறிஸ்தவ ஊராக இருந்த இடத்தில் மட்டும் அது பலிக்கவில்லை, ஏனென்றால் உளவு சொல்ல வேண்டிய ஐந்து வீடும் ஒரே செபத்தைச் சொல்லும் வீடுகள்.

குருவே இல்லாமல் இருநூறு வருடத்துக்கு மேல் எப்படிச் சமாளித்தார்கள்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். பெரும்பாலும் எதிர்பார்க்கும் பதில் "அவ்வளவு வைராக்கியம்" என்பது. வைராக்கியம் இருந்தது, சரி. ஆனால் வைராக்கியம் ஒரு தலைமுறைக்குத்தான் தாங்கும். பேரனுக்கு அது தானாக வந்துவிடாது.

நாகசாகிக்குப் பக்கத்தில் உரகாமி என்ற ஊரில் இருந்த ஏற்பாட்டைப் பாருங்கள். மூன்று பொறுப்புகள். முதலாவது சோகதா, நாட்காட்டி வைத்திருப்பவர். எந்த நாள் ஞாயிறு, சாம்பல் புதன் எப்போது, பாஸ்கு (ஈஸ்டர்) எப்போது, எந்த நாளில் வேலை செய்யக்கூடாது, எந்த நாளில் இறைச்சி கூடாது என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. இரண்டாவது மிசுகதா, தண்ணீர்க்காரர் என்று சொல்லலாம், திருமுழுக்கு கொடுப்பவர். மூன்றாவது கிகியாகு, செய்தி கொண்டுபோகிறவர். நாட்காட்டிக்காரர் சொல்வதைத் தண்ணீர்க்காரர் கேட்டு இவரிடம் சொல்ல, இவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அவ்வளவுதான் அமைப்பு. ஒருவர் கையில் எல்லாம் இல்லை. ஒருவர் பிடிபட்டாலும் மற்ற இருவர் இருப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நாட்காட்டி. பாஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியார் விட்டுச் சென்ற 1634-ஆம் வருட நாட்காட்டியை வைத்து, அவர்களுடைய சந்திர மாதக் கணக்கோடு பொருத்தி, வருடா வருடம் திருநாட்களைக் கணித்தார்கள். கேட்டால் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், இன்றைக்கு உண்ணா நோன்பு என்று ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் தெரிகிறது. வெளியே எதுவும் தெரியாது. வயலில் வேலை செய்கிறவன் பக்கத்து வயல்காரனைப் பார்க்கிறான், அவனும் இன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டான் என்று தெரியும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

அதே பாஸ்தியான் ஒரு வாக்கும் விட்டுப் போனதாகச் சொல்லி வந்தார்கள்: ஏழு தலைமுறை வரை உங்களை என் பிள்ளைகளாக எண்ணுவேன், அதற்கப்புறம் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் பெரிய கப்பலில் வருவார்கள், வாரம் ஒரு தரம்கூடப் பாவம் சொல்லலாம், எங்கே வேண்டுமானாலும் சத்தமாகப் பாடிக்கொண்டு நடக்கலாம். பாட்டி பேரனிடம் "ஏழில் நாம் எத்தனையாவது" என்று எண்ணிக் காட்டும்போது, காத்திருப்பதும் ஒரு குடும்பக் கணக்காகிவிடுகிறது.

படத்தை மிதித்தார்களா? அது மறுதலிப்பு ஆகாதா?

மிதித்தார்கள். இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு மௌனம் விழும், ஒவ்வொரு முறையும்.

மிதிக்க மறுத்தவர்கள் வேதசாட்சிகள். அவர்களைத் திருச்சபை பீடத்தில் வைத்திருக்கிறது, வைக்க வேண்டியதுதான். ஆனால் முழுக்குடும்பமாக மறுத்த இடத்தில் அந்தக் குடும்பம் அன்றோடு முடிந்தது. 1865-ல், தடை இருக்கும்போதே ஒரு குருவிடம் தங்களை வெளிப்படுத்தியவர்கள் யார்? பெரும்பாலும், வருடா வருடம் மிதித்தவர்களின் பிள்ளைகள்.

மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். கொன்சிரிசான் சொன்னார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் உத்தம மனஸ்தாப மந்திரம் என்பார்களே, அதேதான். குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாதபோது, கடவுள்மேல் உள்ள அன்பினால் மனம் நொந்து, வாய்ப்பு வந்தால் பாவத்தை அறிக்கையிடுவேன் என்ற தீர்மானத்தோடு வேண்டினால் மன்னிப்பு உண்டு என்பது திருச்சபையின் பழைய போதனை. இதை விளக்கும் சின்ன நூல் ஒன்று 1603-லேயே ஜப்பானிய மொழியில் தயாராகிவிட்டது, தடை வருவதற்குப் பதினோரு வருடம் முன்பு. அதைக் கையால் எழுதி எழுதித் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள்.

ஆக, விழுந்தவனுக்கு வீட்டில் இடம் இருந்தது. நீ மிதித்துவிட்டாய், இனி எங்களோடு சேராதே என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லோரும் காலையில் அதே வரிசையில் நின்றவர்கள். இறையியலாளர்கள் இதில் சரி தப்பு பேசட்டும். எனக்குத் தெரிந்து நம்மிடையே ஒரு தவறு செய்துவிட்டு, கோயில் பக்கமே வராமல் பத்து வருடமாகப் பின்வாசலில் நிற்கிறவர்கள் உண்டு. அவர்களைத் தடுப்பது கடவுள் இல்லை, முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் பார்வை.

இறந்தவர்களை எப்படி அடக்கம் செய்தார்கள்?

புத்த குருவைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அவர் ஒரு அறையில் சூத்திரம் ஓதுவார், சில ஊர்களில் அதே நேரம் பக்கத்து அறையில் அல்லது பக்கத்து வீட்டில் இவர்கள் தாழ்ந்த குரலில் செபம் சொல்வார்கள், அந்த ஓதல் ஒட்டாமல் போகட்டும் என்று. சிரிப்பு வரலாம். ஆனால் ஒரு சாவு வீட்டில், இறந்தவர் யார் என்பதை விட்டுக்கொடுக்காமல் பக்கத்து அறையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயமில்லை.

செபங்கள் அப்படியே மாறாமல் இருந்தனவா?

இல்லை. ஒராஷோ என்பார்கள், செபம் என்ற பொருள்படும் லத்தீன் சொல்லின் ஜப்பானிய வடிவம். பல இடங்களில் எழுதி வைக்க பயந்து மனப்பாடமாகவே கைமாறியது. ஜப்பானியச் செபங்கள் ஓரளவு புரியும்படி நின்றன, லத்தீன் பாட்டுகள் வெறும் ஒலியாயின. இகித்சுகி தீவில் "குருரியோசா" என்று ஒன்று பாடுகிறார்கள், அது "ஓ குளோரியோசா தோமினா" என்ற மாதா பாட்டு. நானூறு வருடம் கடல் காற்றில் கிடந்து இப்படி ஆகியிருக்கிறது. நம் பாட்டிகள் "தாந்தும் எர்கோ" பாடியதை லத்தீன் பேராசிரியர் கேட்டால் என்ன சொல்வாரோ, அதே கதைதான்!

மாதா உருவமும் மாறியது. சீனாவில் செய்த வெள்ளைப் பீங்கான் கன்னோன் சிலையை, அது புத்த மதத்தின் இரக்கத் தெய்வம், மாதாவாக நினைத்து வணங்கினார்கள். வீட்டில் சோதனை வந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

1865-ல் என்ன நடந்தது?

ஜப்பான் துறைமுகங்கள் வெளிநாட்டவருக்குத் திறந்தபின், நாகசாகியில் அயல்நாட்டார் வழிபட என்று ஓவுரா குன்றில் பிரெஞ்சுக் குருக்கள் ஒரு கோயில் கட்டினார்கள். ஜப்பானியர் வழிபடத் தடை அப்படியே இருந்தது. 1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை, பதினைந்து பேர் அளவில் வேடிக்கை பார்ப்பவர்கள் போலக் கோயில் வாசலில் நின்றார்கள். பெத்திஜான் என்ற குரு கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு நற்கருணைப் பேழை முன் முழங்காலில் இருந்தார். ஒரு பெண் அருகே வந்து, இங்கே நிற்கும் எங்கள் எல்லோருடைய மனமும் உங்கள் மனமும் ஒன்றுதான் என்று மெல்லச் சொன்னார். அடுத்த கேள்வி, சாந்தா மரியா (மாதா) சிலை எங்கே?

பிறகு அவர்கள் சொன்ன ஒன்றுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. நாங்கள் துக்க காலத்தில் இருக்கிறோம், இன்று பதினேழாம் நாள், நீங்களும் இதை அனுசரிக்கிறீர்களா என்று கேட்டார்கள். நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்த வருடம் சாம்பல் புதன் மார்ச் 1. அப்படியானால் மார்ச் 17 தவக்காலத்தின் பதினேழாம் நாள், ஒரு நாள்கூடப் பிசகவில்லை! உரோமையோடு ஒரு கடிதப் போக்குவரத்து கிடையாது, ஒரு குரு கிடையாது, நாட்காட்டிக்காரர்கள் அப்பன் பிள்ளையாகக் கணக்குப் போட்டே அங்கே வந்து நின்றிருக்கிறார்கள்.

அதோடு கஷ்டம் தீர்ந்ததா?

எங்கே தீர்ந்தது. ஒளிந்திருந்தவரை தப்பித்தவர்கள், வெளியே வந்ததும் மாட்டினார்கள். இனிப் புத்த குரு வேண்டாம், எங்கள் சாவை நாங்களே அடக்கம் செய்துகொள்கிறோம் என்று உரகாமி மக்கள் சொன்னதில் 1867-ல் கைது ஆரம்பித்தது. 1868 முதல் 1870-க்குள் ஏறக்குறைய 3,400 பேர், அதாவது கிட்டத்தட்ட முழு ஊரும், நாட்டின் பல மூலைகளுக்குக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். த்சுவானோ என்ற இடத்தில் நிற்கவும் படுக்கவும் முடியாத சின்னக் கூண்டு, பனிக்காலத்தில் உறைந்த குளத்தில் முக்கி எடுப்பது. அறுநூறு பேருக்கு மேல் ஊர் திரும்பவில்லை. இந்த நாடுகடத்தலை அவர்கள் "பயணம்" என்றுதான் சொன்னார்கள். வெளிநாடுகளின் கண்டனம் பலத்து 1873-ல் தடைப் பலகைகள் இறங்கின.

திரும்பி வந்தால் வீடு இல்லை, நிலம் போச்சு. அடுத்த வருடமே வயிற்றுக்கடுப்பு நோய் பரவியது. அப்போது நாடுகடத்தலில் இருந்து திரும்பியிருந்த இவானாகா மாகி என்ற இளம்பெண்ணும் சில தோழிகளும், தெ ரோ என்ற பிரெஞ்சுக் குருவோடு சேர்ந்து நோயாளிகளைக் கவனித்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளை எடுத்து வளர்க்கத் தொடங்கி, அதுவே பெண்களின் ஒரு துறவறக் குடும்பமாக வளர்ந்தது.

எல்லோரும் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பிவிட்டார்களா?

இல்லை, இதைச் சொல்லாமல் விட்டுவிடுவது நம் ஆட்களின் வழக்கம். ஒரு பெரும் பகுதியினர், தடை போனபின்பும், எங்கள் முன்னோர் சொன்னது போலவே இருக்கிறோம் என்று இருந்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்தச் செபங்கள் முன்னோரின் குரல், அதை விட்டுவிட்டு வந்து புதிதாகப் படி என்றால் எப்படி வருவார்கள்? சமூகம் விசுவாசத்தைக் காப்பாற்றும், அதே சமூகம் விசுவாசத்தைத் தன் உருவத்துக்கு மாற்றியும் விடும். அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. இன்று அந்த வழியில் செபிப்பவர்கள் மிகக் குறைவு. பிள்ளைகள் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். 250 வருட அடக்குமுறை செய்யாததை அது செய்கிறது.

அணுகுண்டு விழுந்ததும் இவர்கள் ஊரிலா?

ஆமாம், உரகாமியில். ஊர் திரும்பியவர்கள், வருடா வருடம் தங்களை மிதிக்க வைத்த ஊர்த்தலைவரின் வீட்டு மனையையே விலைக்கு வாங்கி, 1895-ல் அங்கே கோயில் கட்டத் தொடங்கி 1914-ல் முடித்தார்கள். 1945 ஆகஸ்ட் 9, காலை 11:02, அந்தக் கோயிலிலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில் குண்டு வெடித்தது. பங்கில் இருந்த ஏறத்தாழ 12,000 பேரில் 8,500 பேர் இறந்தார்கள்.

அந்த நவம்பரில் நடந்த இரங்கல் பூசையில், மனைவியை இழந்த மருத்துவர் நாகாய் தகாஷி, இறந்தவர்களை உலகப் போரின் பாவத்துக்காக எரிக்கப்பட்ட பலி என்று பேசினார். அவர் மனைவி மிதோரி, உரகாமியின் பழைய நாட்காட்டிக்காரர் பரம்பரையில் வந்தவர். அந்தப் பேச்சு பலருக்கு ஆறுதல், பலருக்கு இன்றுவரை கோபம், குண்டு போட்டவனின் பொறுப்பைக் கடவுள்மேல் தூக்கிவைப்பதா என்று. நான் கோபப்பட்டவர்கள் பக்கம். ஆனால் பிணங்களை எண்ணிவிட்டு வந்து நின்ற ஒருவர், தன் ஊராரிடம் பேசிய பேச்சு அது. அதை நான் வெளியிலிருந்து அளக்க விரும்பவில்லை.

தமிழர்கள் நடுவில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. 1658-ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. முப்பது வருடம் அளவுக்குக் குருவில்லை. 1687-ல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்ற குரு பிச்சைக்காரர் வேடத்தில் வந்து இறங்கினார். யார் கத்தோலிக்கர் என்று கேட்டால் ஆபத்து, அதனால் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார், எந்த வீட்டுக் கண் மாலையில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே. ஓவுராவில் மாதா சிலை எங்கே என்று சனங்கள் குருவைச் சோதித்தார்கள், யாழ்ப்பாணத்தில் குரு சனங்களைச் சோதித்தார். 2015-ல் கொழும்பு காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

எங்கள் அன்பியம் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள், நாளைக்கே பங்குக் குருவும் கோயிலும் இல்லையென்றால், உங்கள் தெருவில் நாட்காட்டி யார், தண்ணீர் யார், வீடு வீடாகப் போகிறவர் யார்? எங்கள் கூட்டத்தில் இதைக் கேட்டபோது மூன்றாவதற்கு மட்டும் உடனே பதில் வந்தது, ஒரு பூக்கார அக்காவைக் காட்டினார்கள். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யார் நாலு ஞாயிறாக வரவில்லை என்று அவருக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் போடுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடும், அவர் போய்க் கதவைத் தட்டுவார்.

நாகசாகி போனால் எதைப் பார்க்க வேண்டும்?

ஓவுரா கோயில், 26 பேர் இறந்த நிஷிசாகா குன்று, நேரம் இருந்தால் சொதோமே கடற்கரையும் கோத்தோ தீவுகளும். மறைந்த கிறிஸ்தவர்கள் தொடர்பான 12 இடங்களை யுனெஸ்கோ 2018-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உரகாமி அந்தப் பட்டியலில் இல்லை, ஆனாலும் முதலில் அங்கே போங்கள். இடிபாட்டில் கிடைத்த மாதா சிலையின் தலை அங்கே இருக்கிறது, கண்கள் எரிந்து இரண்டு கருங்குழிகளாக. பழைய கோயிலின் இரண்டு மணிகளில் ஒன்று உடையாமல் தப்பியது. அதை மண்ணிலிருந்து தோண்டி எடுத்து, 1945 கிறிஸ்துமஸ் இரவில் மரக்கட்டைகளில் தொங்கவிட்டு அடித்தார்கள். உடைந்த மற்றொரு மணிக்குப் பதில் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் காசு சேர்த்து ஒன்று செய்து அனுப்பினார்கள். 2025 ஆகஸ்ட் 9, காலை 11:02-க்கு இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.